ஒன்பதாவது கட்டம்

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. வானொலி நிலையத்தின் பின்பக்கத் தெரு, நான்காம் எண் வீடு. அங்கே வசிக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆணை அழைத்துவர மாலை நான்கு மணிக்கு வண்டி அனுப்ப வேண்டும் என்று மனநல விடுதியின் பதிவேட்டில் காலை ஒன்பது இருபதுக்கு எழுதப்பட்டது.

ஒன்பதரைக்கு அந்த ஐம்பத்தெட்டு வயது ஆண் ஊசிக்குப் போன் செய்தார்.

"நான் பைத்தியமா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்," என்றார். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள."

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே குத்தும் பழக்கம் தொழில் மாறியும் போகவில்லை. அவளுடைய உதவியாளன் சோடா. அவன் மூக்கில் உட்கார்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தவர்கள் யாரும் காரணம் கேட்டதில்லை.

"மேடம், இந்தக் கேஸ்ல ஒரு வசதி," என்றான் சோடா, பைக்கை உதைத்துக்கொண்டே. "கட்சிக்காரருக்குப் பைத்தியம்னா வேலை முடிஞ்சுது. இல்லேன்னா அந்த வீட்ல வேற யாருக்கோ. எப்படியும் ஒண்ணு கிடைச்சிடும்."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. இன்னொண்ணு வேண்டாம்."

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஐம்பது வயது, கனத்த உடம்பு, மாடிப்படி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. கண்கள் வீங்கியிருந்தன.

"வாங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல அவருக்கு. நீங்களாவது சொல்லுங்க," என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "ரொம்பக் கேள்வி கேட்காதீங்கம்மா. பாவம், இன்னைக்கு ஒரு நாள்தான் இங்க இருக்கப் போறாரு."

சோடாவுக்கு அவளைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அவனுக்கு அடிக்கடி அப்படி ஆகும். அதனால்தான் அவன் உதவியாளனாகவே இருந்தான்.

பின்னறையில் சுவர் நிறைய இரும்பு அலமாரிகள், எல்லாம் காலி. நடுவில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஒலிபெருக்கிகள். மானிட்டரின் மேல் துண்டு ஒன்று உலர்ந்துகொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் சட்டைப் பித்தான் ஒன்றுகூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தவர், வானொலி நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷம் முன்பு கண் பார்வை போய், வேலையும் போனது. தெருவில் எல்லோரும் இன்னமும் நூலகர் என்றே சொன்னார்கள்.

மனைவி காபியோடு வந்தாள். நூலகர் தலையைத் திருப்பவில்லை.

"வச்சுட்டுப் போ. நடக்கிற சத்தத்துல வீடே ஆடுது."

அவள் வைத்துவிட்டுப் போனாள்.

"சொல்லுங்க சார்," என்றாள் ஊசி.

"முப்பத்தோராயிரம் பாட்டு இதுக்குள்ள இருக்கு. திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதை வச்சுத்தான் எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்கேன். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் காலையில, ஒரு பாட்டுப் பேரைச் சொல்லிட்டு, அதே குரல்ல, அதே மாதிரி, அசிங்கமா ஒரு வார்த்தை சொல்லுச்சு. மறுநாள் இன்னொண்ணு. வீட்ல கூப்பிட்டுக் காட்டினேன். திரையில ஒண்ணுமில்லைன்னாங்க. தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தது. கடைசியில டாக்டர்கிட்ட போய், பாட்டு என்னைத் திட்டுதுன்னு சொன்னேன்." கசப்பாகச் சிரித்தார். "அந்த ஒரு வாக்கியத்துலயே அவர் பேனாவை எடுத்துட்டார்."

"டாக்டர் வந்து கேட்டாரா?"

"வந்தார். வேகத்தைக் குறைச்சு, இந்த இடத்துலயே உட்கார வச்சுக் கேட்கச் சொன்னேன். ஒரு திட்டும் இல்லை. எல்லாம் பாட்டு, பாடினவங்க பேரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆறு வாரமா இந்தப் பெட்டியை நான் தொடல."

"இப்ப தொடுங்க."

தயங்கி, விசையைத் தட்டினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டியது போல் ஒரு சத்தம். நிற்கவில்லை. அவர் விரல் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டத் தட்ட, சத்தம் வெட்டுப்பட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி வெட்டுப்பட்டது.

"சார், இது பேச்சா, இல்ல கோழிக்கு வலிப்பா?" என்றான் சோடா.

"பேச்சுதான் தம்பி. நீங்க பேசுற வேகத்தைப் போல மூணு மடங்கு. காது பழகிடும். அதுலயும் முழுசா கேட்கிறதில்லை. முதல் ரெண்டு சொல் காதுல விழுந்ததும் அடுத்ததுக்குப் போயிடுவேன். ஒவ்வொண்ணையும் கடைசிவரைக்கும் கேட்டா முப்பத்தோராயிரத்தை எந்த ஜென்மத்துல முடிக்கிறது?"

"ஹெட்போன் போட மாட்டீங்களா?"

"வெளியாளுங்க இருந்தாத்தான். வீட்ல எதுக்கு? இங்க யாருக்குப் புரியப் போகுது?"

ஊசி துண்டை எடுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தாள். பாட்டின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று மூன்று கட்டங்கள் மட்டுமே தெரிந்தன.

"உங்களுக்கு எத்தனை கட்டம் வாசிக்குது?"

"ஒன்பது. எழுதினவர், ஆண்டு, தட்டு எண், நீளம், வகை, கடைசியா குறிப்பு. நான்தான் அடுக்கினேன்."

ஊசி மௌஸைப் பிடித்துத் திரையை வலப்பக்கம் இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். வெகுதூரத்தில், ஒரு ஓரத்தில், ஒன்பதாவது கட்டம் வந்தது. காலியாக இருந்தது.

"கண்ணு தெரியிறவங்க மூணோட நின்னுடுறாங்க," என்றாள். "ஒன்பதும் போறது உங்க காதுக்கு மட்டும்தான். உங்களைத் திட்டணும்னா இதைவிட நல்ல இடம் இந்த வீட்ல இல்லை. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் கிடைச்சா துடைச்சும் விடலாம்."

நூலகரின் முகத்தில் ரத்தம் ஏறியது. "இருக்கலாம், துடைச்சிருக்கலாம்னு சொன்னா நாலு மணி வண்டி திரும்பிப் போகாது. ஆதாரம் வேணும்."

"தட்டு நூலகத்துல வேலை பார்த்தவர் ஒரே ஒரு பிரதியை வச்சுக்கிட்டு நிம்மதியா தூங்குவாரா?"

அவர் தன் காபித் தம்ளரைத் தள்ளி வைத்தார். சோடா தன் காபியை உறிஞ்சினான்.

"எங்க நிலையத்துல ஒரு விதி. மூணு பிரதி. அதுல ஒண்ணு அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை பழைய அட்டெண்டர் வந்து டிஸ்க்கை வாங்கிட்டுப் போய் நிலையத்து லாக்கர்ல வைப்பார். கடைசியா போனது, டாக்டர் வர்றதுக்கு முந்தின ஞாயிறு."

"அதை வாங்கிக் கேட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா?" என்றார் நூலகர். விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. "கேட்காத வரைக்கும் பாதி நம்பிக்கையாவது மிச்சமிருக்குல்ல?"

வானொலி நிலையம் அடுத்த தெரு. லாக்கர் சாவி அட்டெண்டரிடம். அட்டெண்டர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும் போயிருந்தார். சோடா அவரைத் தட்டி எழுப்பி, சிகரெட் பெட்டி அளவுள்ள டிஸ்க்கோடு திரும்பியபோது மணி ஒன்றரை.

கதவைத் தாழிட்டு, மூவரும் உட்கார்ந்தார்கள். ஊசி குரலின் வேகத்தை மனிதர்கள் பேசும் அளவுக்கு இறக்கினாள். ஒன்பதாவது கட்டத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கும் பாட்டுகளை மட்டும் தேடிப் பட்டியலிட்டாள். நூற்றுப் பதினேழு வந்தன.

குரல் வாசித்தது. ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத, கோபமோ அன்போ ஏறாத குரல். ஒரு காதல் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுச் சொன்னது: "உப்புப் போடக்கூடத் தெரியாத கை." தாலாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுச் சொன்னது: "படி ஏறும்போது வருகிற மூச்சு, மாட்டுக் கொட்டகை." அடுத்து: "மூக்கை உறிஞ்சி உறிஞ்சியே ஆயுசைக் கழிக்கிற ஜென்மம்." அடுத்து: "செத்துத் தொலைந்தால் வீட்டில் நிம்மதியாகப் பாட்டாவது கேட்கலாம்."

நூலகர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது சந்தோஷ அழுகை என்பது சோடாவுக்குப் புரியச் சற்று நேரமானது. ஒரு மனிதன் தன்னைச் சாகச் சொல்லும் வாசகத்தைக் கேட்டு இவ்வளவு நிம்மதியடைந்து அவன் பார்த்ததில்லை.

"எனக்குப் பைத்தியம் இல்லை," என்றார். "இல்லைதானே?"

"வார்த்தை இருக்கு. அது மட்டும்தான் நிரூபணம் ஆச்சு," என்றாள் ஊசி. "எழுதினது நீங்களே இல்லைன்னு இன்னும் ஆகல."

அவர் கையை இறக்கினார். சோடா அவளை முறைத்தான். அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நூத்துப் பதினேழுலயும் பாட்டுப் பேரைத் தவிர பாடினவர், இசை, எழுதினவர், ஆண்டு, தட்டு எண் எல்லாம் காலி. மத்த பாட்டுல எல்லாம் இருக்கு. ஏன்?"

"காலியா?" நூலகர் எழுந்தே விட்டார். "என் நூலகத்துல ஆண்டு காலியா இருக்கா? எவன் கை வச்சான்? ஒரு ஆண்டைக் கண்டுபிடிக்க மூணு மாசம் அலைஞ்சிருக்கேன்!"

சாகச் சொன்னதற்கு வராத கோபம் இதற்கு வந்தது. ஊசி தலையசைத்துக்கொண்டாள். தன் கையை வெட்டிக்கொண்டாலும் வெட்டிக்கொள்வார். ஆண்டை அழிக்க மாட்டார். அவர் எழுதவில்லை.

அவள் சோடாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனாள்.

"யோசி. அவர் ஒரு வரியில ரெண்டு சொல் கேட்டதும் அடுத்ததுக்குத் தாவுறார். ஒன்பதாவது கட்டம் வரைக்கும் அவர் காது போகவே போகாது. அதனால நடுவுல இருக்கிறதை எல்லாம் காலி பண்ணி, பாட்டுப் பேர் முடிஞ்ச உடனே திட்டு வர்ற மாதிரி வச்சிருக்காங்க. அவர் விரல் எந்தச் சொல்லுல நகருதுன்னு அளந்து பார்த்த ஆள். அதை அளக்கணும்னா..."

"அந்தக் கோழி வலிப்பு புரியணும்."

"அதே வேகத்துல புரியணும்."

"அப்ப மாடியில இருக்கிற மச்சினன்தான் மேடம். கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வச்சிருக்கான். இந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்ததே அவன்தானாம். இந்த ரூமையும் கேட்டுக்கிட்டு இருக்கானாம், அட்டெண்டர் சொன்னார்."

"இன்னொண்ணும் யோசி. அவர் எப்பவாவது சமையல்கட்டுக்குள்ள போவாரா?"

"காபித் தம்ளரையே தள்ளி வைக்கிற ஆளு."

"கண்ணு தெரியாதவரை நோகடிக்க நினைக்கிறவன், நூத்துப் பதினேழு தடவையில ஒரு தடவைகூடக் கண்ணைப் பத்திப் பேசல. உப்பைப் பத்திப் பேசுறான். மூச்சைப் பத்திப் பேசுறான். இந்தத் திட்டு அவர் உடம்புக்குத் தைச்ச சட்டை இல்லை சோடா. வேற யாருக்கோ அளவெடுத்தது."

சோடாவுக்கு அது பிடிபடவில்லை. அவன் மனசு ஏற்கெனவே மாடிக்குப் போய்விட்டது.

மனைவியின் தம்பி முப்பத்தைந்து வயதுக்காரன். உதிரி பாகங்களின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். எதையும் மறைக்கிற சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை.

"டிஸ்க்குல இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். மாமாவே எழுதியிருப்பாரு. எழுதிட்டு மறந்திருப்பாரு. அதுக்குப் பேர்தானே வியாதி?"

"அந்தக் குரல் சொல்றது உங்களுக்குப் புரியுமா?"

"எனக்கா? எப்ப போய் உட்கார்ந்தாலும் முதல்ல வேகத்தைத்தான் குறைப்பேன். மாமா கத்துவாரு. கண்ணு தெரிஞ்ச எவனுக்கும் அது புரியாது மேடம். அக்கா பதினோரு வருஷமா பக்கத்துல இருக்கா, அவளுக்கே புரியாது. கேட்டுப் பாருங்க."

"ரூம் உங்களுக்கு வேணுமாமே?"

"வேணும்தான். இல்லேன்னு சொல்லலையே. மாமா போனப்புறம் சும்மாதானே கிடக்கும்?"

படியிறங்கும்போது சோடா பல்லைக் கடித்தான். "மேடம், ஒரே ஒரு அறை. உங்க அனுமதியோட."

"கையைப் பத்திரமா வை. வேலை இருக்கு. அவங்க பையன் வெளியூர்லேர்ந்து பைக்ல வர்றானாமே, எத்தனை மணிக்கு?"

"அப்பாவை வழியனுப்ப. மூணு மணிக்குள்ள வந்துடுவேன்னு சொன்னானாம். அம்மா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. எடுக்க மாட்டேங்கிறான், ஓட்டிக்கிட்டு இருப்பான்."

"நல்லது," என்றாள் ஊசி. அந்த 'நல்லது' சோடாவுக்குப் பிடிக்கவில்லை. "சாரைக் கூடத்துல உட்கார வச்சுட்டு, நீ போய் அந்த அம்மாவோட பேச்சுக் குடு. ஏழு நிமிஷம்."

சோடா சமையலறை வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தான். பேசியதைவிட அவள் பேசக் கேட்டதுதான் அதிகம். அவள் கணவருக்காக எடுத்துவைத்த உடுப்புகளைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அவர் பெயரின் முதலெழுத்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. விடுதியில் மாறிப்போய்விடக் கூடாதாம். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் எல்லோரையும் பின்னறையில் உட்கார வைத்தாள் ஊசி. நூலகர் மேஜையில். மனைவி கதவோரம், மடியில் போன். தம்பி ஜன்னல் திட்டில், அவனும் போனை நோண்டிக்கொண்டு.

"டாக்டருக்கு நான் ஒரு அறிக்கை குடுக்கணும்," என்றாள். "இவர் வழக்கமா எப்படி வேலை செய்றார்னு பத்து நிமிஷம் பார்த்துக்கிறேன். சார், புதுசா சேர்த்ததுலேர்ந்து ஆரம்பிங்க. உங்க வேகத்துலயே. ஹெட்போன் வேண்டாம்."

நூலகர் தட்டினார். ஆலங்கட்டி மழை தொடங்கியது. ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, இன்னொன்று. சோடா தம்பியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ வரியில் சத்தம் சற்று நீண்டது.

நாற்காலி சரிந்து விழுந்தது.

நூலகர் எழுந்து நின்றிருந்தார். ஆனால் விழுந்த நாற்காலி அவருடையதல்ல. அவருக்கு ஒரு நொடி முன்பே கதவோரத்தில் எழுந்தவளுடையது.

"என் புள்ள!" என்று அலறினாள் மனைவி. "எந்த ஆஸ்பத்திரி? சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரி?"

ஜன்னல் திட்டிலிருந்து தம்பி தலையைத் தூக்கினான். "என்னக்கா? என்ன ஆச்சு? யாருக்கு?"

அறையில் வேறு யாரும் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகல," என்றாள் ஊசி. "பையன் பைக் லாரியில மோதிடுச்சு, உயிர் இல்லைன்னு, நடுவுல காலியா இருந்த ஒரு பாட்டோட ஒன்பதாவது கட்டத்துல நான்தான் எழுதி வச்சேன். பொய். நான் கூப்பிட்டதைப் பார்த்து அவன் வழியில பெட்ரோல் பங்க்ல நின்னு என்கிட்ட பேசினான், வீட்டுக்குப் பேச வேண்டாம்னு சொல்லி வச்சேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவான்."

"நல்லா இருக்கான்ல?" என்றாள் தாய். "சத்தியமா நல்லா இருக்கான்ல?"

"நல்லா இருக்கான்."

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அறையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தாள்.

"மேடம்," என்றான் சோடா. "அவர் நம்ம கட்சிக்காரர். அவர்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அவர் முகம் காட்டிக் குடுத்திருக்கும். அதுவும் இல்லாம, அந்த வரி அந்த வேகத்துல புரியிற வரிதான்னு காட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது."

நூலகர் மனைவியின் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "நீயா?" என்றார். "பதினோரு வருஷம் சோறு போட்ட கையா? மனுஷியா நீ? என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எப்படி மனசு வந்தது? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

ஊசி மேஜைக்குப் போய், குரலின் வேகத்தைக் குறைத்தாள்.

"அதை நான் கேட்கிறேன் சார். அந்த ஏழு நிமிஷத்துல இந்தப் பெட்டியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். நீங்க உங்க பழைய ஒலிப்பதிவாளர் நண்பருக்குக் கடிதம் எழுதுவீங்களா, இந்தப் பெட்டியில?"

"எழுதுவேன். அதுக்கென்ன?"

"எழுதி முடிச்சதும் முழுசா ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பீங்களா?"

அவர் அனுப்பிய கடிதங்களை ஊசி திறந்து, 'உப்பு' என்று தேடினாள். வண்ணமில்லாத அந்தக் குரல் வாசித்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய கடிதம். பாட்டு, பருவநிலை, மூட்டுவலி, அப்புறம்: "இவளோடது உப்புப் போடக்கூடத் தெரியாத கை." ஊசி 'மூச்சு' என்று தேடினாள். 'மூக்கு' என்று தேடினாள். கிடைத்துக்கொண்டே இருந்தது. டிஸ்க்கில் கேட்ட வாசகங்கள் ஒவ்வொன்றாக, ஒரு சொல் மாறாமல்.

"ஒண்ணுகூட நான் சொந்தமா எழுதல," என்றாள் மனைவி. "அவர் எழுதினதை அவருக்கே வாசிச்சுக் காட்டினேன். தன்னோட எழுத்துன்னு அவருக்குத் தெரியவே இல்லை. எழுதினவருக்கு ஞாபகம் இருக்காதும்மா."

"அது ஏதோ, சிநேகிதங்க பேசிக்கிறது," என்றார் நூலகர். "வேடிக்கைக்கு. நீ... எவ்வளவு நாளா உனக்குக் கேட்குது?"

"கண்ணு போன புதுசுல, நீங்க முழுசா அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டீங்க. கூட நானும் வரலாம்னு நினைச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிடப் போறப்ப நான் ஹெட்போனை மாட்டிக்குவேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை ஏத்தினேன். எட்டு மாசம் ஆச்சு. உங்க பிறந்தநாளுக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அதுக்கு நாலு நாள் முன்னாடி நீங்க அந்த முதல் கடிதத்தை எழுதினீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். கண் போனதில் ஒரே லாபம், இவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லைன்னு அது வாசிச்சுது. நீங்க சிரிச்சீங்க. நானும் என்னங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல போன்னு சொன்னீங்க."

"அந்த வரி நூத்துப் பதினேழுல இல்லையே," என்றாள் ஊசி.

"அதைப் போடல. அது எனக்கு."

தம்பி ஜன்னல் திட்டிலிருந்து மெதுவாக இறங்கி, யாரையும் பார்க்காமல் மாடிக்குப் போனான்.

"பத்து வருஷம் கேட்டிருக்கீங்க," என்றாள் ஊசி. "கேட்டதும் கத்தியிருக்கலாம். விட்டுட்டுப் போயிருக்கலாம். அவரைப் பைத்தியமாக்கி, உடுப்புல முதலெழுத்துத் தைச்சு, அழுது அனுப்பி வைக்கிற அளவுக்கு ஏன்?"

"நான் அவரை அடிக்கல. பட்டினி போடல. கையெழுத்துப் போட்டது டாக்டர். நான் பக்கத்துல நின்னு அழுதேன், அவ்வளவுதான்." அவள் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று மின்னி மறைந்தது. "அழுறது எனக்கு நல்லா வரும்னு அவரே எழுதியிருக்காரு."

சோடா கண்ணாடியைக் கழற்றினான். இந்த முறை துடைக்கவில்லை.

நூலகர் தடவித் தடவி உட்கார்ந்தார். இனி மன்னிப்புக் கேட்பார், அல்லது திட்டுவார் என்று சோடா காத்திருந்தான்.

"அந்தப் பாட்டுகள்ல அழிச்சியே," என்றார் நூலகர், "ஆண்டு, தட்டு எண் எல்லாம். அழிக்கிறதுக்கு முன்னாடி எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

அவள் எழுந்தாள். கனத்த காலடிகள் கூடத்தைக் கடந்து, உள்ளறைக்குப் போய், துணிப்பெட்டி ஒன்று இழுபடும் சத்தத்தோடு திரும்பி வந்தன. நூலகர் காதைச் சாய்த்து ஒவ்வோர் அடியையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவை வெளிவாசலைத் தாண்டும் வரை கேட்டார். கூப்பிடவில்லை.

மனநல விடுதியின் வண்டி மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்தது. ஊசி டாக்டரைப் போனில் பிடித்து, டிஸ்க்கில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். ஓட்டுநர் தாளில் 'ஆள் ஏற்றப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மகன் நாலேகாலுக்கு வந்து சேர்ந்தான்; விஷயத்தைக் கேட்டுவிட்டு, உட்காராமலேயே பைக்கைத் திருப்பிப் பேருந்து நிலையத்துக்குத் தாயைத் தேடிப் போனான். போலீசில் யாரும் புகார் கொடுக்கவில்லை. விடுதியின் உத்தரவு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரத்தானது. அந்த வார இறுதியில் மாடி காலியானது. நூலகர் நான்காம் எண் வீட்டில் தனியாக இருக்கிறார்.